முன் இடது சில்லு

எங்கள் வளவில் நின்ற ஜேர்மன் கார் என்னைவிட ஏழு வயது மூத்தது. கறுப்பு நிறம், தோல் இருக்கைகள், ஓட்டுநருக்கு முன்னால் மெருகேற்றிய மரப்பலகை. மாமா அதைக் கொழும்பில் வாங்கிப் பேசாலைக்குக் கொண்டுவந்து, பல ஆண்டுகள் மணப்பெண்களை மாதா கோவிலுக்கு ஏற்றி இறக்கினார். மன்னார்த் தீவில் அதற்குக் கலியாணக் கார் என்றே பெயர். கனடாவுக்குப் புறப்பட்ட அன்று சாவியைத் தம் அக்காவின், அதாவது என் அம்மாவின், உள்ளங்கையில் வைத்து அவருடைய விரல்களைத் தாமே மடக்கினார். “வித்துப்போடாதேங்கோ அக்கா. திரும்பி வந்து நான்தான் ஓடுவன்” என்றார்.

பின்பு அது வேப்பமரத்தின் கீழ் நின்று உப்புக்காற்றில் துருவேறியது. அம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த ஆண்டில்தான் மறுபடியும் ஓடத் தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு அம்மா வவுனியா ஆசுபத்திரியில் இருக்கவேண்டும். அங்கே ஓர் இயந்திரம் நான்கு மணித்தியாலம் அவருடைய இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திருப்பி அனுப்பும். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் ஏறும். முதலில் கால் வீங்கும், அடுத்து முகம், அதன் பிறகு அந்த நீர் நெஞ்சுக்குள் இறங்கும். முதல் நாளே தாதி அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “நேரத்துக்குக் கொண்டுவாங்கோ, உயிரோட இருப்பா.” கொண்டுவராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பேசாலையிலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். பேருந்து என்றால் மன்னாரில் இறங்கி மாறவேண்டும். அம்மாவை நாங்கள் பேருந்தில் கொண்டுபோன நாட்களில், திரும்பி வரும்போது அவர் என் தோளில் வாந்தி எடுத்தார். ஒரு நாள் படியில் ஏற முடியாமல் நடத்துநர் முன்னிலையில் முழந்தாளில் விழுந்தார். காரின் பின்னிருக்கையில் அவர் கால் நீட்டிப் படுக்கலாம். ஆகவே அந்தக் கார் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல, இயந்திரத்தின் மறுமுனை.

அதை ஓட்டியவர் அண்ணா. அப்பா நெஞ்சுவலியில் இறந்தபின் பள்ளிக்கூடத்தை விட்டு வள்ளத்தில் ஏறியவர். பல்கலைக்கழகம் முடித்து முடிவுகளுக்காகக் காத்திருந்த நான், வாசிக்கத் தெரிந்தவள் என்ற தகுதியில், திருத்துநராக ஆனேன். அந்தக் காரைத் திருத்த முருங்கனில் ஒருவர்தான் இருந்தார். எல்லோரும் அவரைப் பாஸ் என்பார்கள். கைசுத்தமானவர்; ஆனால் எந்தக் காரையும் ஒரு கிழமைக்குக் குறையாமல் வைத்துக்கொள்வார். ஒரு கிழமை என்றால் ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும். எனவே நானும் அண்ணாவுமே செய்தோம்.

நன்றாகவே செய்தோம் என்பதையும் சொல்லவேண்டும். யன்னல் இறங்காமல் இறுகியபோது கதவைப் பிரித்து, அறுந்த கம்பிக்குப் பதில் தூண்டில் கம்பியைக் கட்டினோம். யன்னல் இன்றும் இறங்குகிறது. ஓட்டுநரின் காலடியில் தகடு உக்கி வீதி தெரிந்தபோது, வள்ளத்து ஓட்டையை அடைக்கும் கண்ணாடி நாரையும் பிசினையும் வைத்து அண்ணா தளம் போட்டார். அந்த இடம் மட்டும் இன்னும் துருப்பிடிக்கவில்லை. கடலுக்கென்று செய்த பொருள் காருக்கும் பொருந்தும் என்ற எண்ணம் எங்களுக்குள் அப்படித்தான் வேரூன்றியது. எங்கள் கரையில் இரும்புக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: வள்ளத்து எஞ்சினுக்கென்று வாளியில் வாங்கும் பச்சைக் கிறீஸ். நங்கூரச் சங்கிலிக்கும் அதுதான், சைக்கிளுக்கும் அதுதான், தையல் இயந்திரத்தின் மிதிபலகைக்கும் இறந்தவர்களை அடக்கும் சேமக்காலைப் படலையின் பிணைச்சலுக்கும் அதுதான். கடற்காற்றுப் படுகிற எதிலும் ஒரு விரல் கிறீஸை அப்பிவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் கையைத் துடைப்பார்கள்.

நான் மேடையில் வளர்ந்தவள். பங்குத் திருவிழா மேடையில் எட்டு வயதில் தொடங்கி, பாடசாலை, மாவட்டம், பல்கலைக்கழகம் என்று எந்த விவாதத்திலும் எதிரணியின் வாதத்தை அவர்களே வெட்கப்படும்படி திருப்பிக் கொடுப்பேன் என்று பெயர் எடுத்திருந்தேன். தலைப்பு எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு ஒன்றுதான். வரவேற்பறை அலுமாரியின் மேல்தட்டு முழுவதும் என் கேடயங்கள். வழக்கறிஞரைச் சொல்வதுபோல அண்ணா என்னை ‘அப்புக்காத்து’ என்பார். வீட்டிலும் நான் தோற்றதில்லை. அது என் பெருமையாக இருந்தது.

தைமாதக் கடைசியில் பிறேக் மிதி ஆழமாக இறங்கத் தொடங்கியது. முன்சில்லுகள் இரண்டின் உட்புறத்திலும் பிறேக் எண்ணெய் ஈரமாகப் படிந்திருந்தது. பாஸிடம் போனில் கேட்டேன். உள்ளே உருளை போன்ற ஒரு துண்டு இருக்கிறது, மிதியை அமத்தினால் அதுதான் வெளியே வந்து பிறேக் கட்டையைத் தள்ளும், அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் செத்துப்போயிருக்கும் என்றார். “விட்டிட்டுப் போங்கோ பிள்ளை, ஒரு கிழமையில தாறன்.” நான் நன்றி சொல்லி வைத்துவிட்டு, கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கும் கடையொன்றிலிருந்து ரப்பர் வளையங்களை வருவித்தேன். இரண்டு சிறிய பொதிகள், சில்லுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வளையம், நகத்தளவு பையில் இளஞ்சிவப்புக் கிறீஸ், நான்காக மடித்த ஒரு துண்டுத் தாள்.

திங்கட்கிழமை பிற்பகல் தொடங்கினோம். வாடைக் காற்று முற்றத்து மணலை வாரி வீசிக்கொண்டிருந்தது. ஜக்கால் உயர்த்தி, அடியில் பனங்குற்றி வைத்து, முதலில் வலது சில்லைக் கழற்றினோம். உருளையை வெளியே எடுத்து, துருவை உப்புத்தாளால் உரசி, பழைய வளையத்தை ஊசியால் கிளப்பி எடுத்து, புதியதற்கு இளஞ்சிவப்புக் கிறீஸைப் பூசி உள்ளே இருத்தினார் அண்ணா. என்னால் குறை சொல்ல முடியாத வேலை அது. அம்மா வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடக்கையை மடியில் ஒரு குழந்தையைப் போல வைத்திருந்தார்.

இடது சில்லின் உருளையை வெளியே எடுத்தபின்தான் அது நடந்தது. அண்ணா இரண்டாவது கிறீஸ் பையைப் பல்லால் கிழித்தார். காற்றுத் தூக்கியதோ, எண்ணெய்க் கை வழுக்கியதோ, பை மணலில் குப்புற விழுந்தது. எடுத்தபோது கிறீஸ் முழுவதும் மணல்.

“முடிஞ்சுது” என்றார் அண்ணா. “இதைப் பூசினா உப்புத்தாளை உள்ளுக்கு வைச்ச மாதிரி.”

“வலது பக்கத்தில மிச்சம் இல்லையோ?”

“எங்க மிச்சம்? வழிச்சுப் பூசியாச்சு.” சாரத்தில் கையைத் துடைத்தார். “சரி விடு. நாளைக்கு பஸ்ஸில அம்மாவைக் கொண்டுபோவம். வரேக்க முருங்கனில இறங்கி, பாஸிட்ட இந்தக் கிறீஸைக் கேட்டு வாங்கியந்து பூட்டுவம். வெள்ளிக்குக் கார் ரெடி.”

“பஸ்ஸிலயோ? விளையாடுறியோ? போனமுறை பஸ்ஸில என்ன நடந்தது எண்டு மறந்திட்டியோ?”

“ஒரு நாள்தானே.”

“ஒரு நாள்தான் விழுந்தவ. அதுகும் ஒரு நாள்தான்.”

“இந்தா, அப்புக்காத்து தொடங்கீட்டா” என்றார் அண்ணா.

வாசலில் இருந்து அம்மா சிரித்தார். “நீ பேசாமல் தோத்துப்போ தம்பி. ‘தலைவர் அவர்களே’ எண்டு அவள் இன்னும் தொடங்கேல்லை. தொடங்கினா உன்ர வள்ளத்தையும் எழுதி வாங்கிப்போடுவாள்.”

வளவின் மூலையில், வலைக்கு அருகில், பச்சைக் கிறீஸ் வாளி மூடியோடு நின்றது. என் கண் அதில் விழுந்ததை அண்ணாவும் பார்த்தார். தலையை ஆட்டினார். “அது வேண்டாம். பொறு, அந்தத் தாளில ஏதோ கீறிக் கிடக்கு. ஒரு டின், டின்னுக்கு மேல குறுக்குக் கோடு. என்னவெண்டு வாசி.”

வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம். உள்ளதை உள்ளபடி தமிழில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட நான் மறைக்கவில்லை. கனிம எண்ணெயில் செய்த கிறீஸ் இந்த ரப்பரில் படக்கூடாது என்றிருந்தது. வாளியில் இருந்தது அந்த வகைதான்.

“பாத்தியோ?” என்றார் அண்ணா.

எதிரணியின் ஆதாரத்தை முழுவதும் வாசித்துக் காட்டியபின் அதை உடைப்பதுதான் மேடையில் என் வழக்கம். சபைக்கு அது நேர்மையாகத் தோன்றும். அன்றும் அதையே செய்தேன்.

“சரி, எழுதியிருக்கு. நான் உன்னட்ட ஒண்டு கேக்கிறன். உன்ர போட் எஞ்சினுக்குள்ள ரப்பர் வளையம் இருக்கோ, இல்லையோ?”

“இருக்கு.”

“அதுக்கு என்ன கிறீஸ் பூசுறனி?”

அவர் வாளியைப் பார்த்தார். “அதுதான்.”

“எத்தினை வருசமா?”

“நான் கடலுக்குப் போன நாளில இருந்து.”

“ஒரு வளையமாவது பழுதாகினதோ?”

“அப்பிடி... இல்லைத்தான்.”

“உப்புத் தண்ணிக்குள்ளயே கிடக்கிற ரப்பருக்கு ஒண்டும் செய்யாத கிறீஸ், ரோட்டில போற ரப்பருக்கு என்ன செய்யப்போகுது? இது பனி கொட்டுற நாட்டில இருந்து அச்சடிச்ச தாள். எங்கட கடலை அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.”

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே வைத்தேன். கேட்பவரைத் தம் அனுபவத்தின் மேலேயே ஏற்றிவைத்தால் அவர் இறங்கமாட்டார். அண்ணா வளையத்தை விரலில் மாட்டிச் சிறிது நேரம் உருட்டினார். வேறு பதில் இருக்கிறதென்றும், அது என்னவென்று தனக்குத் தெரியவில்லை என்றும் நினைப்பவரின் முகம் அது. பின்பு எழுந்து போய் வாளியைத் திறந்தார்.

கடைசியில், எண்ணெய்க் குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்றவேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் மிதியை அமத்திப் பிடிக்க, மற்றவர் சில்லருகில் படுத்துச் சிறிய ஆணியைத் திறந்து மூடவேண்டும். நான் மிதியில் இருந்தேன். “அமத்து” என்பார், அமத்துவேன். “விடு” என்பார், விடுவேன். பொழுது சாயும்போது மிதி கல்லாக நின்றது. அம்மா கையைத் தட்ட முடியாமல் தொடையில் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை போய் வந்தோம். பிறேக் புதிதுபோல இருந்தது. அந்த மகிழ்ச்சியில் நான் பாஸிடம் எதையும் கேட்கவில்லை. அண்ணா முருங்கனில் நிறுத்தவா என்று கேட்டார், எதற்கு என்றேன்.

வெள்ளிக்கிழமை தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியைக் கடக்கும்போது, இரண்டு பக்கமும் கடல் வெளிறிக் கிடந்த நேரத்தில், அண்ணா சொன்னார்: “இடப்பக்கம் கொஞ்சம் இழுக்குது.”

“காத்து” என்றேன்.

திரும்பும்போது அம்மா மூக்கைச் சுளித்தார். “ரப்பர் எரியிற மாதிரி ஒரு மணம்.”

“ஆரோ டயர் கொளுத்துறாங்கள், அம்மா.”

“எனக்கென்னவோ கிட்ட மணக்குது.”

“மெசின் போட்ட நாளில உங்களுக்கு எல்லாம்தானே மணக்கிறது.” அது உண்மை. அதனால்தான் அவர் மேலே பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணா குனிந்து சில்லைத் தொட்டுப் பார்த்துக் கையை வெடுக்கென்று எடுத்தார். “சுடுது.” நூறு கிலோமீற்றர் ஓடிய சில்லு சுடாமல் என்ன செய்யும் என்று கேட்டேன். வலது சில்லையும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஒரு கை போதும். இரண்டு வினாடி போதும். இன்று என் நினைவு அதிகமாகத் திரும்பிப் போகிற இடம் அதுதான்.

சனி, ஞாயிறு, திங்கள் கார் நின்றது. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் நாட்கள் அதிகம். ஆகையால் செவ்வாய் காலையில் அம்மாவின் உடம்பில் எப்போதும் நீர் கூடுதலாக இருக்கும். அந்தச் செவ்வாய் முகம் உப்பியிருந்தது. செருப்பின் வார் பாதத்தில் பதிந்து நின்றது. கார் இடத்தை விட்டு அசையவே முனகியது. அண்ணா என்னைப் பார்த்தார். நேரம் ஆறேகால். “போ அண்ணா” என்றேன்.

உயிலங்குளம் தாண்டி, கட்டுக்கரை வயல்கள் தொடங்கும் இடத்தில் புகை வந்தது. முதலில் மெல்லிய நீலப் புகை. பிறகு வெள்ளையாகத் திரண்டது. அண்ணா பிறேக்கை மிதித்தார். மிதி அடிவரை போனது. கைப்பிறேக்கை இழுத்து, வாய்க்கால் ஓரமாக எப்படியோ நிறுத்தினார். இறங்கிப் பார்த்தோம். முன் இடது சில்லின் உள்தட்டு இருட்டில் பார்த்தால் சிவந்திருக்கும் என்று நினைக்கிறேன். பகலில் அது சாம்பல் நிறமாக, மேலே காற்றை நெளியச் செய்தபடி இருந்தது. ஜக் வைத்து உயர்த்தினோம். சில்லு சுற்றவில்லை. அண்ணா காலால் உதைத்தார். சுற்றவில்லை.

பின்னிருக்கையில் அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லை.

“என்ன பிள்ளை?”

“ஒண்டுமில்லை அம்மா. சில்லு இறுகிட்டுது.”

“நேரம் என்ன?”

“இன்னும் இருக்கு” என்றேன்.

ஒரு பேருந்து வந்தது. கைகாட்டினோம், நின்றது. படிவரை ஆட்கள். அம்மாவை இருவரும் தாங்கி ஏற்ற முயன்றோம். முதல் படியில் கால் வைத்தவர் கம்பியைப் பிடித்தபடி, “ஏலாது... காத்து இல்லை” என்றார். உள்ளே இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஆனால் காற்று பேருந்தில் இல்லாததல்ல, அவருக்குள் இல்லாதது. இறக்கிவிட்டோம். அடுத்ததாக, அறுத்த நெல்லை மூட்டைகளாக ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரம் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் எங்களைக் கேட்காமலே நிறுத்தினார்.

“என்ன தம்பி, கட்டை பிடிச்சிட்டோ?”

“ஓம் அண்ணை. அம்மாவை வவுனியாவுக்குக் கொண்டுபோறம். கிட்னிக்கு மெசின் போட. பத்து மணிக்கு நிக்கவேணும்.”

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “ஏத்துங்கோ, ஏத்துங்கோ. முருங்கன் ஆசுபத்திரியில விட்டா அவங்கள் அம்புலன்ஸில அனுப்புவாங்கள். நாலு மூட்டையை இறக்கிப்போட்டு இடம் எடுப்பம்.”

அவரும் அண்ணாவும் மூட்டைகளை இறக்கி வாய்க்கால் வரம்பில் வைத்தார்கள். அம்மாவை நெல் மூட்டைகளில் சாய்த்து இருத்தினோம். நான் பின்னால் இருந்து அவரை என் நெஞ்சோடு தாங்கிக்கொண்டேன். அண்ணா காருடன் நின்றார். புறப்படும்போது அம்மா, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சாக, அவரைப் பார்த்துச் சொன்னார்: “கலியாணக் காரில இருந்து... நெல்லு மெசினுக்கு... இறக்கிப்போட்டியள், என்ன?” உழவு இயந்திரம் குலுங்கிக் குலுங்கிப் போனது. என் கைகளுக்குள் அவருடைய விலா ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே போனேன்.

முருங்கனில் அம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்து, வவுனியாவை அடைந்தபோது பன்னிரண்டரை. பத்து மணி இயந்திரத்தில் வேறொருவர் படுத்திருந்தார். யாரும் பிழை செய்யவில்லை. அந்த மனிதரின் கால்களும் அம்மாவின் கால்களைப் போலவே வீங்கியிருந்தன. அம்மாவுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். பின்னேரம் ஓர் இயந்திரம் காலியானதும் இணைத்தார்கள். ஆனால் இரத்த அழுத்தம் கீழே போய்க்கொண்டேயிருந்ததால் இரண்டு மணித்தியாலத்தில் நிறுத்தவேண்டி வந்தது. நெஞ்சுக்குள் இறங்கிய நீர் முழுவதும் வெளியேறவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது.

அண்ணா அன்று வாய்க்கால் ஓரத்தில் தனியாக இருந்து சில்லைக் கழற்றியிருந்தார். இரவல் வாகனத்தில் காரை இழுப்பித்து முருங்கன் பாஸிடம் கொண்டுபோய், வளையத்தையும் கையில் கொடுத்துக் காட்டியிருந்தார். பிற்பாடு அதை எனக்கும் காட்டினார். இரண்டு விரலுக்கும் அடங்காமல், ஊறவைத்த கடலைபோல ஊதி மெத்தென்று இருந்தது. “பாஸ் சொல்லுறார், இந்த ரப்பர் வேற ஜாதியாம். போட் எஞ்சினில இருக்கிறது எண்ணெய்க்குப் பழகின ரப்பராம். இது பிறேக் எண்ணெயைத் தவிர வேற எந்த எண்ணெய் பட்டாலும் ஊதுமாம். ஊதினா உருளை திரும்பி வராது, கட்டை பிடிச்ச பிடிதானாம்.” பின்பு சேர்த்துச் சொன்னார்: “வலது பக்கத்தையும் கழட்டிப் பாத்தவர். அது புதுசு மாதிரிக் கிடக்கு.”

அதே நாள், அதே கை, அதே உப்பு. ஒன்றில் இளஞ்சிவப்பு, மற்றதில் பச்சை. இதற்கு மேல் தெளிவான சான்றை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. வள்ளத்து ரப்பரும் பிறேக் ரப்பரும் ஒரே கறுப்பாக இருந்தன. நான் நிறத்தை வைத்து வாதாடியிருந்தேன்.

அம்மா பன்னிரண்டு நாட்களில் வீடு திரும்பினார். அதன்பின் கடன் வாங்கி அவரை வாடகை வாகனத்தில் கொண்டுபோனோம். ஆனால் அவர் பழைய ஆள் இல்லை. என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அதிலிருந்துதான் எனக்கு விளங்கியது. ஆறு கிழமைகளின் பின், ஒரு வியாழக்கிழமை காலை, ஆசுபத்திரிக் கட்டிலில் இறந்தார். அந்த ஒரு செவ்வாயால்தானா என்று வைத்தியரிடம் கேட்டேன். “அப்பிடிச் சொல்ல ஏலாது. இல்லையெண்டும் சொல்ல ஏலாது. இதயம் ஏற்கெனவே களைச்சுப் போயிருந்தது” என்றார். ஆம் என்ற பக்கத்துக்கும் இல்லை என்ற பக்கத்துக்கும் என்னால் தலா அரைமணி நேரம் பேச முடியும். பேசிப் பார்த்தும் இருக்கிறேன், தனியாக, கிணற்றடியில். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் வென்றது.

சேமக்காலைப் படலை சத்தமில்லாமல் திறந்தது. பிணைச்சலில் பச்சைக் கிறீஸ் புதிதாகப் பூசியிருந்தார்கள்.

மாமா அடக்கத்துக்கு வந்து முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை வரை நின்றார். பூசை முடிந்து, உறவினர் சாப்பிட்டு எழுந்த நேரத்தில், வேப்பமரத்தின் கீழ் நின்ற காரைச் சுற்றி நடந்தார். பாஸ் அதை ஓட வைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார். இடது பக்கம் பனங்குற்றியில் நின்றது. யாரோ அவருக்குக் கதையைச் சொல்லிவிட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் மாமா கேட்டார்:

“ஆர் இந்தச் சில்லில கை வைச்சது?”

நான் கோப்பித் தட்டத்தோடு கதவருகில் நின்றேன்.

“நான்தான் மாமா” என்றார் அண்ணா. “கிறீஸைப் பிழையாப் போட்டிட்டன்.”

“போட்டிட்டனோ? என்னத்தைப் போட்டனி?”

“வள்ளத்து எஞ்சினுக்குப் போடுற கிறீஸ்.”

“மடையன்! இது என்ன உன்ர வள்ளம் எண்டு நினைச்சியோ? எழுத்து வாசனை இல்லாட்டி, பக்கத்தில படிச்ச பிள்ளை இருக்கிறாள், அவளிட்டயாவது கேட்டிருக்கலாமே! என்ர அக்காவை...” அவரால் முடிக்க முடியவில்லை. ஒரு பெரியவர் வந்து அவருடைய தோளைப் பிடித்து அழைத்துப் போனார்.

நிறைந்த மண்டபங்களில், ஒலிவாங்கி பழுதான நேரத்திலும், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசியவள் நான். என் தட்டத்திலிருந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: “அண்ணா என்னட்டக் கேட்டவர் மாமா, நான்தான் போடச் சொன்னன்.” எழுவாய், பயனிலை எல்லாம் அமைந்து அது வாய்க்குள் தயாராக நின்றது. நான் அடுத்த ஆளிடம் தட்டத்தை நீட்டினேன்.

ஆட்கள் போனபின் அண்ணாவிடம் போய் நின்றேன். வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, “நீ ஒண்டும் கதைக்காதை” என்றார். “நீ நாளைக்கும் மேடையில ஏறவேண்டியவள். எனக்கென்ன, மீன் வந்து விசாரிக்கப்போகுதோ?” சிரிக்க முயன்றார். சரிவரவில்லை.

“ஏன் அண்ணா?”

“பூசினது என்ர கைதானே.”

மாமா கனடாவுக்குத் திரும்பிப் போனார். அண்ணாவோடு இப்போது பேசுவதில்லை. என்னோடு ஞாயிறு தோறும் போனில் பேசுகிறார். அடுத்த விவாதம் எப்போது என்று கேட்கிறார். நான் மேடை ஏறுவதில்லை என்பதை இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

போன மாதம், முறையான கிறீஸையும் புதிய வளையங்களையும் வாங்கி, இடது சில்லை நானே பூட்டினேன். வெந்து நீலம் பாய்ந்த பழைய தட்டையும் மாற்றினேன். செவ்வாய்க்கிழமை அந்தக் கார் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை. எல்லாம் பூட்டியபின், குழாயில் இருக்கும் காற்றை எடுக்கவேண்டும். அதைத் தனியாகச் செய்ய முடியாது. கரையோர மீன்வாடியில் இருந்த அண்ணாவைக் கூப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணாடி நாரால் தாம் போட்ட தளத்தில் கால் வைத்து உட்கார்ந்தார். இந்த முறை நான் சில்லருகில், மணலில் படுத்தேன். அங்கிருந்து அவருடைய முகம் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிந்தது.

“இந்த ஞாயிறு மாமாவுக்குச் சொல்லப்போறன்.”

மிதியின் சுருள்கம்பி ஒருமுறை முனகியது.

“அமத்தவோ?” என்றார்.

“அமத்து” என்றேன்.

எண்ணெய் குமிழியோடு வந்தது. ஆணியை மூடினேன். விடு என்றேன். மறுபடியும் அமத்து என்றேன். குமிழி நிற்கும்வரை அந்த இரண்டு சொற்களைத் தவிர நாங்கள் வேறொன்றும் பேசவில்லை. அதன்பின் நான்கு ஞாயிறுகள் போய்விட்டன. மாமா நான்கு முறையும் பேசினார். நான் இன்று வரை சொல்லவில்லை.